ஆறு மணிக் கணக்கு சார்

நான் பொய் சொல்கிறவன். அதை மறைத்துப் பயனில்லை. "இவர் வெளிய மழைன்னு சொன்னா, ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்பாள் என் மனைவி. மீன் என்னைப் பிடித்த கதை, நாய் என்னிடம் வழி கேட்ட கதை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். எல்லாம் பொய். கேட்டவர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாய்க்கும் தெரியும்.

இது அந்த வகை இல்லை.

இது நடந்தது. கட்டுக்கதையாக இருந்தால் இதைவிட ஒழுங்காகக் கட்டியிருப்பேன். கடைசியில் ஒரு விளக்கமாவது வைத்திருப்பேன். இதில் விளக்கம் கிடையாது. தேடிப் பார்த்தாயிற்று. அகப்படவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. படிப்பை முடித்து இரண்டு வருஷம் வீட்டில் சும்மா கிடந்தேன். அப்பா என்னைத் திட்டுவதை நிறுத்தியிருந்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என் தட்டைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். மறுபடி தட்டைப் பார்ப்பார். 'தண்டச்சோறு' என்ற வார்த்தையை வாயைத் திறக்காமல் எழுத்துக்கூட்டிக் காட்டுகிற திறமை அவருக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான் அந்த வேலை வந்தது. வெளியூரில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர் நோயில் படுத்துவிட்டார். அவர் எழுந்து வரும்வரை அந்த நாற்காலியில் நான்.

முதல் நாளே தலைமை ஆசிரியர் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"பாருங்க தம்பி. அவர் வந்துட்டார்னா நீங்க கிளம்பணும். வரலைன்னா, குளிர் முடியறதுக்குள்ள மேலேர்ந்து இன்ஸ்பெக்டர் வருவார். மக்குப் பசங்க தேறியிருந்தா வேலை உங்களுக்கே. தேறலைன்னா…"

 ஜன்னல் வழியாக எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது.

அந்தப் பள்ளியில் யாருக்கும் பெயர் கிடையாது. பாடம்தான் பெயர். அறிவியல் டீச்சர், தமிழ் ஐயா, டிராயிங் சார். ஆள் மாறினாலும் பெயர் மாறாது. நான் சேர்ந்த அன்று மணியடிக்கிற பெரியவர் டீயோடு வந்து, "கணக்கு சாருக்கு" என்று வைத்தார். யாருக்கு வைக்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உங்களைத்தான் தம்பி" என்றார் அறிவியல் டீச்சர். "நாற்காலியில உட்கார்ந்தாச்சு இல்ல? இனிமே நீங்கதான் கணக்கு சார். பழகிக்கங்க. என் வீட்டுக்காரரே என்னை டீச்சர்னுதான் கூப்பிடறார்."

பழகிக்கொண்டேன். குளிரைத்தான் பழகிக்கொள்ள முடியவில்லை.

வெயிலில் வேலை பார்க்கிறவன் வியர்ப்பான், அவ்வளவுதான். குளிரில் பாடம் எடுக்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வான். சாக்பீஸ் பட்டு விரல் நுனி வெடிக்கும். வெடிப்பில் சாக்பீஸ் போகும். மூக்கு ஒழுகும்போது திரும்பிக் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு, யோசிக்கிற மாதிரி துடைத்துக்கொள்ள வேண்டும். அறுபது பிள்ளைகள் இருமுவார்கள். ஒருவன் நிறுத்தினால் அடுத்தவன் ஆரம்பிப்பான். முறை வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. மாலையில் அறைக்கு வந்தால் திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டு. கால்களைப் போர்வைக்குள் விட்டு, தாள்களை மடியில் வைத்து, சிவப்பு மையால் தவறு தவறாகச் சுழிப்பேன். சுழித்துக்கொண்டே தூங்கிவிடுவேன். காலையில் பார்த்தால் போர்வையிலும் இரண்டு சுழி இருக்கும்.

இதெல்லாம் போதாதென்று காலை ஆறு மணி வகுப்பு. கணக்கில் தேறாதவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களைத் தேற்றினால்தான் என் பிழைப்பு. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் இரக்கப்பட்டாவது படித்திருப்பார்கள்.

அவர்களில் ஒரு பெண்ணுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர். அரை மார்க்குக்கு அரை மணி வாதாடுவாள்.

"விடை தப்புதான் சார். ஆனா அந்தத் தப்பு வரைக்கும் சரியா வந்திருக்கேன்ல?" என்பாள்.

 மார்க் போட்டுவிடுவேன்.

குளிர்காலத் தூக்கத்தில் ஒரு மோசடி உண்டு. உங்களுக்கும் நடந்திருக்கும். விடியற்காலை எழுந்திருப்பீர்கள். பல் விளக்குவீர்கள். சட்டை போடுவீர்கள். தெருவில் நடப்பீர்கள். அப்புறம் கண் விழித்தால் படுக்கையிலேயே கிடப்பீர்கள். எழுந்தது மட்டும்தான் கனவு. தூங்கியது நிஜம்.

அன்றைக்கும் அப்படித்தான். எழுந்தேன், சட்டை போட்டேன், தங்கை பின்னிக் கொடுத்த மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டேன், வாசல் கதவைச் சாத்தினேன்…

கண் விழித்தபோது மணி ஆறு ஐம்பது. போர்வைக்குள் கிடந்தேன்.

ஓடினேன். பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் அந்தப் பன்னிரண்டு பேரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செத்தோம் என்று நினைத்தேன். தலைமை ஆசிரியரின் ஜன்னலும் அந்த பெஞ்சும் கண்ணில் வந்தன.

வக்கீல் நின்றாள்.

"இன்னிக்குத்தான் சார் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"பின்னம். நீங்க பேசாமலே எழுதிக் காட்டினதுதான் நல்லா இருந்துது. மப்ளரைக்கூட எடுக்கலையே, தொண்டை கட்டிடுச்சா சார்?"

நான் வகுப்பறைக்குப் போனேன். கரும்பலகை நிறையக் கணக்கு. ஒவ்வொரு படியும் சுத்தமாக. விடைக்குக் கீழே இரண்டு கோடு. நான் ஒரு கோடுதான் போடுவேன். ஏழு என்ற எண்ணுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு. நான் அப்படிப் போடமாட்டேன்.

மணியடிக்கிறவரிடம் போனேன்.

"காலையில யார் வந்தா?"

"கணக்கு சார்தான்."

"எந்தக் கணக்கு சார்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை கணக்கு சார் இருக்காங்க?"

உள்ளதைச் சொல்கிறேன். பேய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தோன்றியது அதைவிடப் பயங்கரம். பழைய கணக்கு சார் குணமாகிவிட்டார்! விடுப்பு முடியுமுன்பே வந்து, இருட்டில் மப்ளரோடு வகுப்பெடுத்து, என் நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார். பேய் வந்தால் மந்திரிக்கலாம். நிரந்தர ஆசிரியர் வந்தால் என்ன செய்வது?

அறிவியல் டீச்சரிடம் மெதுவாக விசாரித்தேன்.

"அவரா?" என்றார். "அவர் புரண்டு படுக்கவே ரெண்டு பேர் வேணும் தம்பி."

சரி, தூக்கக் கலக்கத்தில் நானே போய் எடுத்துவிட்டு வந்து படுத்திருப்பேன் என்று வைத்துக்கொண்டேன். களைத்தவனுக்கு எந்தச் சமாதானமும் போதும்.

மறுநாளும் கண் விழிக்கவில்லை. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் ஓடிப்போவேன். ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்திருக்கும். பன்னிரண்டு பேரும் மலர்ந்த முகத்தோடு வெளியே வருவார்கள். அலாரம் கடிகாரம் வாங்கி, சத்தம் பெருகட்டும் என்று ஒரு குண்டானுக்குள் வைத்து, அறையின் அந்தக் கோடியில் வைத்தேன். அது அடித்தது எனக்குத் தெரியாது. அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

"குண்டானுக்குள்ள மணியடிக்கிற புண்ணியவானை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். "ஊரே எழுந்திடுச்சு."

"நான் எழுந்திருக்கலையே அக்கா."

"எழுந்திருக்காமத்தான் மணியை அணைச்சீங்களா? செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. என் தூக்கத்தையும் கெடுத்துட்டு, போகவே இல்லைன்னு வேற சொல்றீங்களா?"

நான் குண்டானைப் பார்த்தேன். கடிகாரத்தின் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஆறு ஐம்பது வரை தூங்குகிறவன் தெம்பாக எழுந்திருக்க வேண்டுமா இல்லையா? எனக்கு எழுந்ததும் தோள் வலிக்கும். தொண்டை வறண்டிருக்கும். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே கத்தின மாதிரி இருக்கும். எவ்வளவு தூங்கினேனோ அவ்வளவு களைத்தேன்.

தலைமை ஆசிரியர் மட்டும் குஷியாக இருந்தார். "காலை வகுப்பு பிரமாதமாமே. இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வர்றார். இப்படியே போங்க தம்பி" என்று முதுகில் தட்டினார். வலித்த தோளில் தட்டினார்.

அப்புறம் அந்த ஜோக்.

ஒரு ராத்திரி படுக்கையில் கிடந்தபடி ஒரு ஜோக் யோசித்தேன். கழித்தல் கணக்கில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்குகிறோம் இல்லையா? 'கணக்குலதான்டா பக்கத்து வீட்டுல கடன் வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்காம தைரியமா நடமாடலாம்.' சுமாரான ஜோக்தான். ஆனால் என் சொந்த ஜோக். யாரிடமும் சொல்லவில்லை. தூங்கிப்போனேன்.

மறுநாள் மதிய வகுப்பில் அதைச் சொன்னேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் சிரிக்கவில்லை.

"என்ன, புரியலையா?"

"காலையிலயே சொல்லிட்டீங்க சார்" என்றாள் வக்கீல். "ஒரே ஜோக்குக்கு ரெண்டு தடவை சிரிக்கணும்னா மார்க் குடுக்கணும் சார்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. 

மணி அடித்ததும் ஆறு மணி வகுப்பறைக்குப் போனேன். கரும்பலகை அழிக்கப்படாமல் இருந்தது. ஏழுகளைத் தேடினேன்.

குறுக்குக் கோடு இல்லை.

விடைகளுக்குக் கீழே… ஒரே கோடு.

என் கையெழுத்து.

அன்று சாயங்காலமே பழைய கணக்கு சாரைப் பார்க்கப் போனேன். ஊரின் மறுகோடியில் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யாரென்று சொன்னதும் சிரித்தார்.

"வாங்க. உள்ள ஒரு கணக்கு சார், வெளிய ஒரு கணக்கு சார். டீ எத்தனைன்னு நீங்களே கூட்டிச் சொல்லுங்க."

பழைய கணக்கு சார் கட்டிலில் கிடந்தார். ஐம்பது வயதுதான் இருக்கும். ஆனால் பிழிந்து உலர்த்திய துணி மாதிரி இருந்தார். டாக்டர்கள் ஒன்றுமில்லை என்கிறார்களாம். களைப்பு. வெறும் களைப்பு. தலைமாட்டில் அவர் எழுதிவைத்த மருந்துக் கணக்கு கிடந்தது; அதில் ஏழுக்கெல்லாம் குறுக்குக் கோடு.

என்ன கேட்பது என்று தெரியவில்லை. "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்றேன்.

 மனைவி அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்தார்.

"காலை வகுப்பு நல்லாப் போகுதா?" என்றார்.

"போகுது சார்."

"நீங்க போறதுக்கு முன்னாடியே போகுதா?"

நான் தலையாட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எனக்கும் ஒரு நாள் கண்ணசந்துது" என்றார். "ஒரு நாள்தான் தம்பி. அப்புறம் எழுந்திருக்கவே விடல."

"யாரு சார் அது?"

"கணக்கு சார்."

மேலே ஏதோ சொல்ல வந்தவர் இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மப்ளரை எடுத்துட்டாரா?"

"தெரியல சார். இன்னும் இல்லைன்னு நினைக்கிறேன்."

"என் விஷயத்துல அவர் அதை எடுக்கறதுக்கு முன்னாடி நான் விழுந்துட்டேன்" என்றார். "அதனாலதான் இப்படியாவது இருக்கேன்."

அவர் மனைவி டீயோடு வந்தார். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் டீயைக் குடித்தேன். எது எப்படி இருந்தாலும் குளிரில் டீயை விடுகிற ஆள் இல்லை நான்.

மூன்று நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். பன்னிரண்டு பேரும் பதில் சொன்னார்கள். வக்கீல் அவருடைய கேள்வியிலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அவர் அசந்துபோனார். தலைமை ஆசிரியர் என் காதருகே வந்து, "நாளைக்கு ஆர்டர் கையில குடுத்துடறேன். ஊருக்குச் சொல்லிடுங்க" என்றார்.

நான் அப்பாவின் தட்டை நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதே சமயம், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நான் ஒரு பின்னம்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

அந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் அதை என் கையால் வாங்க வேண்டும். அந்த ஆள் யாராக இருந்தாலும் நாளைக் காலை அவருக்கு முன்னால் நான் வகுப்பில் நிற்பது என்று முடிவு செய்தேன். தூங்கினால்தானே தவறிப்போகிறது? அன்று படுக்கவேயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைப் பச்சைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டேன். பல் தந்தியடித்தது. தூக்கம் வரவில்லை.

காலை ஐந்து இருபதுக்கு எழுந்தேன். நிஜமாகவே எழுந்தேன். தண்ணீரில் ஊறிய பாதம் சுருங்கியிருந்தது. கனவில் பாதம் சுருங்காது. மப்ளரைச் சுற்றினேன். கதவைச் சாத்தினேன்.

வெளியே பனி. தெருவிளக்கு இருப்பது தெரிந்தது, வெளிச்சம் வரவில்லை. என் செருப்புச் சத்தம் எனக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து கேட்டது. சர்… சர்… நான் நின்றேன். அதுவும் நின்றது. ஆனால் உடனே நிற்கவில்லை. ஒரு அடி வைத்துவிட்டு நின்றது.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டேன். கணக்கு படித்தவன் பௌதிகத்தையும் கொஞ்சம் நம்ப வேண்டும்.

பள்ளி வாசலில் மணியடிக்கிறவர் விறகு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?"

"ஏன்?"

"இப்பத்தானே உள்ள போனீங்க. நீங்க எப்ப வெளிய வந்தீங்க?"

நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

நடைக்கூடம் இருட்டு. கடைசி அறையில் மட்டும் மஞ்சள் விளக்கு. ஆறு மணி ஆகவில்லை. ஆனால் சத்தம் கேட்டது.

டக்… சர்ர்ர்… டக்… சர்ர்ர்…

சாக்பீஸ்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சுவரோரமாக நடந்தேன். தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

ஜன்னல்.

கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. விரலால் ஒரு வட்டம் துடைத்தேன்.

பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. குளிர்.

அவர் கரும்பலகையைப் பார்த்து நின்றார். முதுகுதான் தெரிந்தது. என் சட்டை. மப்ளரின் ஒரு முனை மற்றதைவிட நீளம். என் மப்ளரும் அப்படித்தான். அதைப் பின்னிய தங்கை கணக்கில் வீக்.

அவர் பேசினார்.

என் குரல்.

என் குரலில் ஒரு ஜோக் சொன்னார். நான் இன்னும் யோசித்திராத ஜோக். நல்ல ஜோக். எனக்கு அவ்வளவு நன்றாக வராது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தோள் குலுங்கியது.

பிள்ளைகளிடமிருந்து புகை வந்தது.

அவரிடமிருந்து வரவில்லை.

பிறகு எழுதுவதை நிறுத்தினார். சாக்பீஸை வைத்தார். இரண்டு கையையும் தட்டிக்கொண்டார். அது நான் வகுப்பில் செய்கிற வேலை.

கை கழுத்துக்குப் போனது.

மப்ளரின் முனையைப் பிடித்தது.

ஒரு சுற்று…

எனக்குக் கழுத்தில் குளிர் ஏறியது.

இரண்டாவது சுற்று…

கீழே பார்த்தேன்.

என் மப்ளர் என் காலடியில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

அவர் திரும்ப ஆரம்பித்தார். மெதுவாக. முதலில் தோள். அப்புறம் காது…

நான் பார்க்கவில்லை.

ஓடினேன்.

எட்டு மணிக்கு, பெட்டியோடு, தலைமை ஆசிரியர் அறையில் நின்றேன். மேஜைமேல் ஆர்டர் தயாராக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்? பேனாவா?"

"வேலை."

அவர் பேனாவை மூடினார். "பைத்தியமா உனக்கு?"

"இன்னும் இல்ல சார். அதான் கிளம்பறேன்."

எதிரே பேருந்து நிறுத்தத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பள்ளியில் முதல் மணி அடித்தது. எந்தப் பக்கமும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனேன். அப்பா முதல்முறையாக வாயைத் திறந்து திட்டினார். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினார். கேட்க நிம்மதியாக இருந்தது. வேறொரு வேலை கிடைக்க இன்னும் ஒரு வருஷமாயிற்று. அதுவும் ஆசிரியர் வேலைதான். தூர ஊர். காலை வகுப்பு மட்டும் எடுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தேன். காரணம் கேட்டார்கள். மூலவியாதி என்றேன். அது பொய். ஆனால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால், தூக்கமில்லாத ஒரு பையன் வாளியில் காலை விட்டுக்கொண்டு கண்ட கனவு என்று நானே சொல்லியிருப்பேன்.

இருபது வருஷம் கழித்து ஒரு குளிர்கால மத்தியானம். ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். பேருந்தில் நல்ல கூட்டம். தலையில் குல்லா, கையில் பை, நின்றுகொண்டு கண்டக்டரிடம் சில்லறைக்காக ஏதோ வேடிக்கையாகப் பேசினேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"கணக்கு சார்தானே?"

திரும்ப இடமில்லை. "ஆமாம்மா. யாரு?"

"குரல்லயே கண்டுபிடிச்சிட்டேன். நான்தான் சார், வக்கீல். இப்ப மருந்துக்கடை வச்சிருக்கேன். வாதாடறதை மட்டும் விடல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் அந்த வருஷம் தேறிவிட்டார்களாம்.

"எல்லாம் நீங்க போட்ட பிச்சை சார். பரீட்சை அன்னிக்கு வரைக்கும் ஒரு காலைகூட நீங்க வராம இருந்ததில்லையே."

"நான் பாதியிலேயே போயிட்டேனேம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "இன்னும் உங்க பொய்யை விடலையா சார்? இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போன மறுநாள்தான் முதல் தடவையா மப்ளரை எடுத்துட்டு எங்க பக்கம் திரும்பினீங்க. 'இனிமே குளிராது'ன்னீங்க. நாங்க எல்லாரும் கை தட்டினோம்."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பொண்ணும் இப்ப உங்ககிட்டத்தான் படிக்கிறா" என்றாள். "சும்மா சொல்லக்கூடாது, இந்த வருஷம் பின்னம் நல்லாப் போடறா. நான்தான் காலையில கொண்டுவந்து விடறேன். நேத்துகூட ஜன்னல் வழியா வணக்கம் சொன்னேனே, நீங்களும் தலையாட்டினீங்களே."

முன்னால் ஒருவர் எழுந்து இறங்கினார். எனக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன். மூச்சு முட்டியது. குல்லாவைக் கழற்றினேன். அப்போதே என் தலை முழுக்க வெள்ளை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

அவளும் என்னைப் பார்த்தாள்.

தலையைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே தொங்கிய தோலைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து உங்களுக்கு முடி கறுப்பா இருந்துச்சு" என்றாள்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. நான்தான்…"

"யார் நீங்க?"

பேருந்து எதற்கோ நின்றது. நிறுத்தம் இல்லை. வெறும் ரோடு, இரண்டு பக்கமும் பனி. அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்து, படியில் தடுமாறி, அங்கேயே இறங்கிவிட்டாள்.